இமைக்கும் நேரம்

ஹஷூரி சந்திப்பில் சரக்குப் பெட்டிகளைக்
கொக்கியிட்டுப் பூட்டும் வேலை லாம்ஸிராவுக்கு.
பத்தொன்பது குளிர்காலம்.
இரண்டு பெட்டிகள் நெருங்கும்போது
நடுவில் நிற்பவள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
மற்றபடி அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஜனவரி மூன்றாம் தேதி
தண்டவாளம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது.
பனி, என்றாள்.
மாலையில் ரொட்டி தொண்டையில் நின்றது.
இரவு தரியேல் என்னவோ கேட்டான்,
பதில் மூக்கு வழியாக வந்தது.

இப்போது திபிலீசியில், மூன்றாம் மாடியில்,
அவள் மார்பை ஓர் இயந்திரம் ஏற்றி இறக்குகிறது.
இமைகள் இரண்டும் விழுந்துவிட்டன.
உள்ளே முழு விழிப்பு.

இந்த நோயின் கொடுமை அதுதான்:
மூளையைத் தொடாது.
செவிலிகள் சூரியகாந்தி விதை கொறிப்பது கேட்கிறது.
"ஏழாம் படுக்கை என்ன கனம்!" என்பதும் கேட்கிறது.

மருத்துவர் நெஸ்தான் மட்டும்
காதருகே குனிந்து பேசுகிறாள்:
நீ கேட்கிறாய், தெரியும்.
உன் கட்டளைகளில் பிழையில்லை.
நரம்பின் நுனிவரை அவை ஒழுங்காக வந்து சேர்கின்றன.
நுனியில் பைகள், கடுகைப் பொடித்துப் பொடித்தாலும்
அத்தனை சிறிதாகாது,
ஒவ்வொன்றிலும் அசிடைல்கோலின்.
பையிலிருந்து ஓர் இழை. சுவரிலிருந்து மற்ற இழைகள்.
நான்கு புரியாய் முறுக்கிக்கொண்டு
பையைச் சுவரோடு இழுக்கும்.

பெட்டிகள், என்று நினைத்தாள் லாம்ஸிரா.
இல்லை.
பெட்டிகள் பூட்டிய பிறகும் பெட்டிகளே.
இங்கே இரு தோலும் கரைந்து ஒன்றாகி
உள்ளிருப்பது வெளியே கொட்டிவிடும்.

முக்கால் முறுக்கில் கம்ப்ளெக்சின்
குறுக்கே விழுந்து சொல்லும்: பொறு.
சினாப்டோடாக்மின்
கால்சியம் வரும் திசையையே பார்த்திருக்கும்.
வந்ததும்: விடு.
ஓர் இமை உயர
எத்தனை ஆயிரம் பொறு, எத்தனை ஆயிரம் விடு!

இமைக்கும் பொழுதை நாம் மாத்திரை என்று அளந்தோம்,
அதற்குள்ளே நூறு கதவு திறந்து மூட
இடமிருப்பது தெரியாமல்.
பிறகு அதே சொல்லை மருந்துக்கும் வைத்தோம்.
இந்த நோய்க்கு மாத்திரை இல்லை.

கண்ணாடிச் சாடியில் கத்தரிக்காய், பூண்டு, கொத்தமல்லி.
மூடியை இறுக்கியவன் தரியேல்.
காற்றில்லாத இருட்டில் ஒரு வித்து கண் திறந்தது.
அது பெற்ற நஞ்சும் ஒரு புரதம்தான்;
அதற்குத் தெரிந்தது ஒரே வேலை.
பையின் இழையை, சினாப்டோபிரெவினை,
ஒரே இடத்தில் நறுக்கிவிடும்.
பைகள் நிரம்பி நிற்கின்றன.
கால்சியம் வந்து வந்து திரும்புகிறது.

புத்தாண்டு இரவில் அவனுக்குப் பல்வலி,
அதனால் சாப்பிடவில்லை.
தினமும் வந்து இதைச் சொல்கிறான்,
பல்வலி ஒரு குற்றம் போல.
மன்னித்துவிடு என்கிறான். மீதிச் சாடிகளை
சுகாதாரத்துறையிடம் கொடுத்துவிட்டேன் என்கிறான்.
ஏழு சாடி. ஏழு ரசீது.
பத்து நிமிடம் கொதிக்கவிட்டிருந்தால், என்று தொடங்குவான்,
முடிக்கமாட்டான்.
அவளுக்கு அவனைத் திட்ட வேண்டும்.
நல்ல கெட்ட வார்த்தைகள்,
ரயில்வே யார்டில் கற்றவை,
வரிசையில் காத்திருந்தன.

மாற்றுமருந்து புதிய நறுக்கலைத் தடுக்கும்,
நறுக்கியதை ஒட்டாது.
நரம்பு பக்கவாட்டில் புதுத் தளிர் விட வேண்டும்,
இழையைப் புதிதாய்த் திரிக்க வேண்டும்.
அதற்கு அவசரம் தெரியாது.

நாற்பத்தோராம் நாள்
இடது இமை அரை நெல் உயர்ந்தது.
ஒரு கீற்று வெளிச்சம்.
துடைக்காத காலணி. அதற்கு மேலே தரியேல்,
முகத்தைத் தொப்பியில் புதைத்தபடி
அதே பல்வலிக் கதையில்.

நிமிர்ந்து பார்த்தான்.
திறந்திருப்பதைக் கண்டு எழுந்தான்.

இமை மீண்டும் மூடியது.
நஞ்சல்ல இம்முறை.
பொறு, என்றாள்.